உங்களுக்குத் தெரியுமா? பொறியால் பொறிக்கும் பொறி!

இரும்பை அறுக்க அதைவிடக் கெட்டியான இன்னோர் இரும்பு வேண்டும் என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தீர்கள்? வேண்டவே வேண்டாம்! மின்பொறியால் வேலை செய்யும் ஸ்பார்க் மெஷினில் கெட்டி எஃகைக் குடைவது மெத்தென்ற செம்பு. இல்லாவிட்டால் கிராஃபைட். ஆமாம், உங்கள் பென்சிலுக்குள் இருக்கிறதே, அதே கிராஃபைட்தான்!

இன்னும் கேளுங்கள். குடைகிற அந்தச் செம்புத் துண்டு அல்லது கிராஃபைட் துண்டு, அதாவது எலெக்ட்ரோடு, குடைபடுகிற எஃகை ஒரு தடவைகூடத் தொடுவதில்லை! இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஓர் இடுக்கு உண்டு. நுணுக்கமான ஃபினிஷிங் வேலையில் அந்த இடுக்கு ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது!

அந்த இடுக்கில் பாயும் ஒவ்வொரு பொறியின் சூடும் சுமார் 8,000 முதல் 12,000 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான்!

சரி, இவ்வளவு சூட்டுக்கு எத்தனை ஆயிரம் வோல்ட் வேண்டும்? மயங்கி விழாதீர்கள். பொறி பாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் இடுக்கில் இருப்பது வெறும் 20, 25 வோல்ட்! இரண்டு கார் பேட்டரிகளை வரிசையாக இணைத்தாலே 24 வோல்ட் வந்துவிடும்.

ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாகப் போடுங்கள். ஒரு பொறியின் ஆயுள் அதில் சில கூறுகள். நீண்டு வாழ்கிற பொறி என்றால் சில நூறு கூறுகள். அதற்குள் பிறந்து, எஃகை உருக்கி, அணைந்தே போய்விடும்!

நானே கணக்குப் போட்டேன். பொறி 100 மைக்ரோ நொடி, ஓய்வு 100 மைக்ரோ நொடி என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 5,000 பொறிகள். ஒரு மணி நேரத்தில் 1 கோடியே 80 லட்சம். இரவு முழுக்கப் பத்து மணி நேரம் ஓடினால் 18 கோடி!

18 கோடி பொறிகள் பாய்ந்த பிறகும் அந்த எஃகுக் கட்டி சிவக்காது. உருகி ஓடாது. ஒவ்வொரு பொறியும் உருக்குவது கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னஞ்சிறு குழியை மட்டும்!

இதைக் கேட்டு நான் அசந்தே போனேன். எலெக்ட்ரோடு ஒரு மீட்டர் நீளம் இருந்தாலும் சாதாரண இணைப்பில் ஒரு நேரத்தில் பாய்வது ஒரே ஒரு பொறி! எங்கே இடுக்கு குறைவோ அங்கே பாயும். அங்கே குழி விழுந்ததும் வேறோர் இடம் நெருக்கமாகிவிடும். அடுத்தது அங்கே. யாரும் வழி காட்டவில்லை. எலெக்ட்ரோடின் உருவம் முழுசும் எஃகில் தானே இறங்கிவிடுகிறது!

இப்போது ஒரு தமிழ் விருந்து. தீயிலிருந்து தெறிப்பது பொறி. இயந்திரமும் பொறி. எஃகில் உருவத்தைச் செதுக்குவது பொறித்தல். சோழர் முத்திரையில் இருந்தது புலிப்பொறி. பொறியால் பொறிக்கும் பொறி! ஒரே சொல்லில் இந்த மெஷினின் மொத்த வேலையும் அடங்கிவிட்டது. வேறெந்த மொழிக்கு இந்தக் கொடுப்பினை?

இந்த மெஷினுக்கு முழுப் பெயர் சிங்கர் இ.டி.எம். 'சிங்கர்' என்றால் 'முங்குவது' என்று பொருள். எலெக்ட்ரோடு தொட்டியில் நிரம்பிய எண்ணெய்க்குள் முங்கி, எஃகுக்குள் முங்கி, தன் உருவத்தைத் தலைகீழ் அச்சாக விட்டுவிட்டு வெளியே வரும். எலெக்ட்ரோடில் மேடு என்றால், குடைபடும் எஃகு அச்சான டையில் பள்ளம்!

பொறி உலோகத்தை அரிக்கிறது என்பதைக் கவனித்தவர் யார் தெரியுமா? சோடா தண்ணீரைக் கண்டுபிடித்த அதே ஜோசப் பிரீஸ்ட்லி! ஆண்டு 1770.

அதே 1770-ல்தான், ரப்பரால் தேய்த்தால் பென்சில் கோடு அழியும் என்றும் அவர் எழுதினார்! ஒரே மனிதர், ஒரே ஆண்டு. ஒரு பக்கம் கிராஃபைட்டை அழிக்கும் ரப்பர். இன்னொரு பக்கம் எஃகையே அழிக்கும் பொறி. இன்றைக்கு அந்தக் கிராஃபைட்டே பொறி விட்டு எஃகை அழிக்கிறது!

அடுத்த அடி எடுத்து வைக்க உலகத்துக்கு எத்தனை வருஷம் ஆனது? 173!

1943, மாஸ்கோ. உலகப்போர் உச்சத்தில். போரிஸ் லசரென்கோ, நடாலியா லசரென்கோ. கணவனும் மனைவியும். இன்ஜின்களில் பொறி விடும் டங்ஸ்டன் முனைகள் அரித்துப் போகின்றன, அதைத் தடுத்து நிறுத்துங்கள் என்பது அவர்களுக்கு வந்த வேலை. எண்ணெயில் முக்கிப் பார்த்தார்கள். அரிப்பு நிற்கவில்லை. ஆனால் சீராக, சொன்னபடி கேட்டு அரித்தது! தடுக்கச் சொன்ன அரிப்பையே உளியாக்கிவிட்டார்கள் இருவரும். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கதை இதுதான்!

1946-ல் அந்தத் தம்பதிக்கு ஸ்டாலின் பரிசு!

இடுக்கு கூடினால் இறங்கு, குறைந்தால் ஏறு என்று எலெக்ட்ரோடுக்குத் தானாகவே கட்டளை போடும் அமைப்பும் அவர்கள் காலத்திலேயே வந்தது. இன்றைய கோடி ரூபாய் மெஷினும் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறது!

ரஷ்யாவில் இப்படி என்றால் அதே நாற்பதுகளில் அமெரிக்காவில் வேறு தலைவலி. விலை உயர்ந்த அலுமினிய வார்ப்புக்குள், மரை வெட்டும் டேப் உடைந்து சிக்கிக்கொள்ளும். எடுக்கவே முடியாது. ஹெரால்டு ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் என்ற மூவர் பொறி விட்டே அதைப் பொடியாக்கினார்கள். அவர்கள் மெஷினின் வேகம் முதலில் நொடிக்கு 60 பொறி. பிறகு வெற்றிடக் குழாய்களை மாட்டினார்கள். வேகம் ஆயிரங்களுக்குத் தாவியது!

பெருங்கடலின் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரே கண்டுபிடிப்பு!

இன்றைக்கும் பட்டறையில் டேப் உடைந்தால் முதலில் வரும் வார்த்தை: 'ஸ்பார்க்குக்கு அனுப்பு!'

இந்த மெஷினைச் செய்யும் கம்பெனிகளைப் பார்ப்போம். ஸ்பெயினின் துராங்கோவில் 'ஓனா' 1952-ல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசோனேயில் 'ஆஜி' 1954-ல். ஜெனிவாவில் 'ஷார்மீ'. ஆஜியும் ஷார்மீயும் பல வருஷம் போட்டி போட்டவர்கள். 1996-ல் ஒரே குடும்பம்!

ஜப்பானின் 'சோடிக்' 1976-ல் பிறந்தது. பெயரைப் பிரித்துப் பாருங்கள். படை, செய்துகாட்டு, கஷ்டத்தை வெல். இந்த மூன்று ஜப்பானியச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்ததுதான் சோடிக்!

அவர்களுடைய லீனியர் மோட்டார் மெஷினில் எலெக்ட்ரோடு மேலே துள்ளும் வேகம் நிமிடத்துக்கு 36 மீட்டர்! சுழலும் திருகே கிடையாது. காந்த விசையிலேயே துள்ளல்.

ஏன் துள்ள வேண்டும்? குழிக்குள் சேரும் இரும்புத் துகளை வெளியே தள்ளத்தான். எலெக்ட்ரோடு மேலே எழும்பும்போது புது எண்ணெய் உள்ளே பாய்கிறது. கீழே இறங்கும்போது அழுக்கு எண்ணெய் வெளியே ஓடுகிறது. எலெக்ட்ரோடே பம்பு!

இனி ராட்சத மெஷின்கள். இங்கேதான் எண்கள் பிரமிக்க வைக்கின்றன!

கார் பம்பருக்கான மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, என்ன எடை இருக்கும்? 15, 20 டன் சர்வசாதாரணம். நான்கு வளர்ந்த யானைகளைத் தராசில் ஏற்றுங்கள், சரியாக இருக்கும்!

அதைத் தூக்கி மெஷினுக்குள் எப்படி வைப்பார்கள்? தொட்டியே தரைக்குள் இறங்கிவிடும்! மேஜை மட்டும் திறந்த வெளியில் நிற்கும். கிரேன் வந்து மோல்டை இறக்கும். பிறகு தொட்டிச் சுவர்கள் நான்கு பக்கமும் எழும்பி வரும். எண்ணெய் நிரம்பும். சில பெரிய மெஷின்களில் இப்படித்தான் ஏற்பாடு!

ஒரே டையில் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ராட்சதர்களும் உண்டு! இந்தப் பக்கம் ஒன்று பள்ளம் தோண்டும். அந்தப் பக்கம் இன்னொன்று மூலையைக் கூராக்கும். ஒன்றின் பொறி மற்றதைப் பாதிக்காது!

ஒரு நேரத்தில் ஒரே பொறி என்று மேலே சொன்னேன் அல்லவா? பெரிய எலெக்ட்ரோடை ஒன்றுக்கொன்று ஒட்டாத துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கொடுத்து, அந்த விதியையும் ஜெயித்துவிட்டார்கள். அப்போது ஒரே நேரத்தில் பல இடங்களில் பொறி!

பெரிய வேலைக்குப் பெரும்பாலும் செம்பைத் தொட மாட்டார்கள். ஏன்? அரை மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டி. செம்பில் செய்தால் சுமார் 360 கிலோ. கிராஃபைட்டில் வெறும் 72 கிலோ! ஐந்தில் ஒரு பங்கு.

செம்பு 1,085 டிகிரியில் உருகிவிடும். கிராஃபைட்? நம் காற்றழுத்தத்தில் அது உருகுவதே இல்லை! 3,600 டிகிரியைத் தாண்டினால் நேராக ஆவியாகிறது.

அடுத்தது இன்னும் அதிசயம். எண்ணெய் சிதைந்து வரும் கார்பன் எலெக்ட்ரோடின் மேல் படிகிறது. தேய்ந்த இடம் தானே நிரம்புகிறது! சரியான அமைப்பில் ஓட்டினால் எஃகில் 100 மி.மீ. ஆழம் இறங்கியும் கிராஃபைட் 1 மி.மீ.கூடக் குறையாது!

மின்சாரத்தின் திசையை மாற்றினால் எல்லாமே தலைகீழ். மிகக் குட்டிப் பொறியில் பிளஸ் பக்கம் அதிகம் அரிக்கும். நீளமான பொறியில் மைனஸ் பக்கம். எலெக்ட்ரான் இலேசு, முதலில் ஓடிப்போய் மோதிவிடுகிறது. அயனி கனம், அதற்கு நேரம் தேவை. அந்த மைக்ரோ நொடிகளை வைத்தே யார் தேய வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்!

ராட்சத எலெக்ட்ரோடைத் தூக்குவது சாதாரண வேலை இல்லை. அதையும் கணக்குப் பண்ணினேன். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் அடிப்பரப்பு. கீழே காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சல். அந்த எண்ணெய் பிடித்து இழுக்கும் விசை சுமார் 500 கிலோ! தொடாத மெஷினுக்கு இத்தனை பலம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

2 மீட்டர் நீள எஃகு மோல்டு. அறைச் சூடு 5 டிகிரி ஏறியது. அவ்வளவுதான். மோல்டு 0.1 மி.மீ.க்கு மேல் நீண்டுவிட்டது! தேவைப்படும் துல்லியமோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. எண்ணெயைக் குளிரூட்டும் கருவி ராத்திரி பகலாக ஓடுவது இதற்காகத்தான்!

முன்பு அந்தத் தொட்டிக்குள் என்ன இருந்தது தெரியுமா? நம் அடுப்புக்கு ஊற்றிய மண்ணெண்ணெய்! மண்ணெண்ணெய்க்குள் பொறி விட்டார்கள். தீப்பிடிக்காதா? பிடிக்காது. திரவத்துக்கு அடியில் எரிய ஆக்சிஜன் இல்லை!

ஆனால் திரவ மட்டம் இறங்கிப் பொறி காற்றைத் தொட்டால் போச்சு. அதனால் வேலை நடக்கும் இடத்துக்கு மேல் எண்ணெய் பல சென்டிமீட்டர் நின்றே ஆக வேண்டும். மட்டம் பார்க்கும் மிதவை, தானே பீய்ச்சும் தீயணைப்பான் இரண்டும் இல்லாமல் ஆள் இல்லாத மெஷினை ஓட்டவே கூடாது. ஸ்பார்க் போடும் தம்பிகளே, இது வேடிக்கை இல்லை!

மண்ணெண்ணெய் இருந்த இடத்தில் இன்று எளிதில் தீப்பற்றாத தனி எண்ணெய் வந்துவிட்டது. மணமும் கிட்டத்தட்ட இல்லை!

எண்ணெயில் மிதக்கும் துகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுருளும் இல்லை, சீவலும் இல்லை. சீடை போல உருண்டை உருண்டையான எஃகுக் குண்டுகள்! அவற்றில் சில உள்ளே வெறும் கூடு.

உருகி, தெறிக்காமல் அப்படியே உறைந்துபோகும் எஃகும் உண்டு. மைக்ராஸ்கோப்பில் வெள்ளை வெளேர் என்று ஒரு படலம். அசல் எஃகைவிடக் கெட்டி, ஆனால் சட்டென்று விரிசல் விடும். தடிமன் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான்வரைதான். அதை எடுக்காமல் விட்டால் 20 டன் மோல்டுக்கே ஆபத்து!

ஸ்பார்க்குக்குக் கெட்டி, மெது என்ற பேதமே கிடையாது. ராக்வெல் சி கடினத்தன்மை அளவில் 60 காட்டும் எஃகும் ஒன்றுதான். டங்ஸ்டன் கார்பைடும் ஒன்றுதான். ஒரே நிபந்தனை, மின்சாரம் கடத்த வேண்டும்!

அதனால் வைரத்தையும் குடையலாம்! கருவிகளில் பதிக்கும் செயற்கை வைரத் தூள் கட்டிக்குள் கோபால்ட் உலோகம் கலந்திருக்கிறது. பொறி அந்த வழியாகப் புகுந்துவிடும். வைரத்தையே குடையும் பொறியால் மெல்லிய ஜன்னல் கண்ணாடியில் ஒரு கீறல்கூடப் போட முடியாது!

சுழலும் கட்டரால் ஒருநாளும் செய்ய முடியாத ஒன்று, சதுர மூலை! கட்டர் உருண்டை, அதனால் குழியின் மூலையும் உருண்டையாகவே வரும். எலெக்ட்ரோடு சதுரமாக இருந்தால் மூலையும் கூராக விழும்!

பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஓடும் மெல்லிய முதுகெலும்புகள்தான் ரிப். எஃகில் அவை 1 மி.மீ. அகலமும் பல சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட இடுக்குகள். கட்டர் நுழைந்தால் ஒடிந்துவிடும். கத்தி போல மெல்லிய எலெக்ட்ரோடு அலுங்காமல் இறங்கும்!

அளவு சரியாக வர வேண்டும் என்றால் எலெக்ட்ரோடைத் தப்பான அளவில் செய்ய வேண்டும்! ஆமாம், வேண்டுமென்றே ஒவ்வொரு பக்கமும் 0.1 முதல் 0.3 மி.மீ. சிறிதாக்குவார்கள். பொறி தாவும் இடுக்கு அந்தக் குறையை நிரப்பிவிடும். மிச்சத்துக்கு மெஷின் ஒரு குட்டி வட்டமடிக்கும். செக்குமாடு போல, ஆனால் மைக்ரான் கணக்கில்!

எலெக்ட்ரோடைக் கழற்றி மறுபடி மாட்டினால் எவ்வளவு விலகும்? சுவிட்சர்லாந்தின் எரோவா பிடிமானத்தில் 0.002 மி.மீ.! தலைமுடியின் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. இதனால்தான் ராத்திரியில் ரோபோ கை ஒவ்வொன்றாக எலெக்ட்ரோடு மாற்றிக்கொண்டே இருக்க, பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்!

அமெரிக்காவின் டெக்சாஸில் 'போகோ' செய்யும் ஒரு கிராஃபைட்டின் துகள் 1 மைக்ரானுக்கும் சின்னது. நகம் அளவு எலெக்ட்ரோடில் எழுத்துகளைச் செதுக்கினாலும் ஓரம் உதிராது!

டி.வி. ரிமோட்டைத் தடவிப் பாருங்கள். அந்த மெல்லிய சொரசொரப்பைப் பல மோல்டுகளில் போட்டது பொறிகள்தான்! கோடிக்கணக்கான குழிகள் எஃகில். அவற்றின் அச்சு பிளாஸ்டிக்கில். உங்கள் கட்டைவிரலுக்கு அடியில்!

அந்தச் சொரசொரப்புக்கே நம்பர் உண்டு. ஜெர்மனியின் வி.டி.ஐ. 3400 அளவுகோல். 12 என்றால் சராசரி மேடுபள்ளம் 0.4 மைக்ரான். 45 என்றால் சுமார் 18 மைக்ரான். மோல்டு வரைபடத்தில் 'வி.டி.ஐ. 27' என்று எழுதினால் போதும், சென்னையிலும் ஜெனிவாவிலும் கிட்டத்தட்ட ஒரே சொரசொரப்பு வரும்!

நேர் எதிரும் நடக்கும். எண்ணெயில் சிலிக்கான் தூளைக் கலந்தால் பொறிகள் பரவி மென்மையாகின்றன. எஃகு கண்ணாடி போல மின்னும். முகமே பார்க்கலாம்! அழுக்கு எண்ணெய் ஆகாது என்று இத்தனை வருஷம் வடிகட்டியவர்கள், தூளை வேண்டுமென்றே கொட்டினார்கள்!

வாகன உடலின் பெரிய பகுதி ஒன்றை ஒரே அடியில் அலுமினியத்தில் வார்க்கும் அச்சுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அச்சுகளுக்காக இத்தாலியின் 'இட்ரா' செய்யும் ஒரு பிரஸ் 6,000 டன் விசையில் அச்சை மூடிப் பிடிக்கும்! இப்படிப்பட்ட அச்சுகளில் பெரும் பள்ளத்தைக் கட்டர் தோண்டும். கட்டர் எட்டாத ஆழ இடுக்கும் கூர் மூலையும் பொறியின் பங்கு!

இந்த வேலையைக் கற்க ஆசையா? சென்னை கிண்டியில் 1968-ல் தொடங்கிய பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சிப்பெட்டில் மோல்டு செய்யவென்றே தனி டிப்ளமோ இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தாலே சேரலாம். படிப்பு மூன்று வருஷம்!

கடைசியாக, என் உடம்பைச் சிலிர்க்க வைத்த ஒன்று. 1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து. உலையின் உள்ளே எரிபொருளில் ஒரு பகுதி உருகி அடியில் விழுந்துவிட்டது. அடிப்பாகத்து எஃகு எவ்வளவு அடி வாங்கியது? துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் கதிர்வீச்சு. பக்கத்தில் ஆள் போக முடியாது. தண்ணீர் பல மீட்டர் ஆழம்.

1990-ல் தண்ணீருக்குள்ளேயே எலெக்ட்ரோடை இறக்கினார்கள். மேலே பாதுகாப்பான இடத்தில் ஆட்கள். கீழே இருட்டில் பொறி. உலையின் அடிப்பாகத்துச் சுவரிலிருந்து எஃகு படகு வடிவில் பெயர்ந்து வந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, 15 துண்டுகள்!